கட்டிலுக்குக் கீழே வைத்த ஸ்லெட்

1. மைனஸ் இரண்டு

குளிரூட்டும் சில்லர் நின்றுபோனால் என்னைத் தேடுவார்கள். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால் சேவியர் என்று ஒருவன் இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. ஏசி மெக்கானிக் வேலையின் லட்சணம் அதுதான். இரண்டாயிரத்துகளின் நடுவில் துபாயில் ஒரு மாலுக்குள் கட்டிய பனி அரங்கத்தில் வேலை கிடைத்தபோதும் அப்படித்தான் இருக்கப்போகிறது என்று நினைத்தேன். அதற்கு முன் ஆறு வருடம் அபுதாபி பக்கம் முசஃபாவில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் மீனையும் கோழியையும் உறைய வைத்துக்கொண்டிருந்தேன். இனி மனிதர்களை உறைய வைக்கப் போகிறேன், வேறு வித்தியாசம் இல்லை என்று ரூமில் சொல்லிச் சிரித்தேன்.

முதல் நாள் வெளியே நாற்பத்தாறு டிகிரி, உள்ளே மைனஸ் இரண்டு. எனக்குக் கொடுத்த ஜாக்கெட்டில் ஜிப் வேலை செய்யவில்லை. ஒரு கையால் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மீட்டர் ரீடிங் எழுதினேன். எழுதி முடித்ததும் சூப்பர்வைசர் ஒரு பிளாஸ்டிக் சறுக்கு வண்டியைக் காட்டினார்.

“ஸ்லெட் லேன்ல ஒரு தடவை சறுக்கிப் பாத்துட்டு கையெழுத்துப் போடு. பனி கெட்டியா இருக்கா, சொதசொதன்னு இருக்கான்னு உட்காந்து பாத்தாத்தான் தெரியும்.”

முப்பத்திரண்டு வயது ஆள், குழந்தைகளின் வண்டியில் கால் மடக்கி உட்கார்ந்து சறுக்கினால் எப்படி இருக்கும்? கிளீனிங் பையன்கள் எல்லாம் துடைப்பத்தை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நானும் சலித்துக்கொள்வதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து, அரங்கம் திறக்குமுன் கிடைக்கும் அந்த இருபது விநாடிக்காகவே காலையில் எழுந்தேன் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

2. கிரேட்டாவின் பாதை

கிரேட்டா ஆல்ப்ஸ் மலைக்காரி. என்னைவிட மூன்று வயது இளையவர். குழந்தைகளுக்குச் சறுக்குப் பயிற்சி கொடுக்க ஒப்பந்தத்தில் வந்திருந்தார். அதற்கு முன் பதினோரு வருடம் இயற்கைப் பாதை லூஜ் பந்தய வீராங்கனை. முட்டி போய்விட்டதால் பந்தயத்தை விட்டவர்.

அவரிடம்தான் அந்த விளையாட்டின் பெயரையே முதலில் கேட்டேன். மலைக்காட்டு வழி ஒன்றில் தண்ணீர் ஊற்றிப் பனியை இறுக்கி ஐஸ் ஆக்குவார்கள். ஸ்லெட்டில் மல்லாந்து படுத்து, காலை முன்னால் நீட்டி, அதில் இறங்க வேண்டும். டி.வி.யில் காட்டும் லூஜ் போலக் குழாய்க்குள் ஓடுகிற ஓட்டமில்லை. வளைவில் வண்டியைத் தாங்கிக்கொள்ளச் சுவர் கிடையாது. பிரேக்கும் கிடையாது. ஒரு கையில் கயிறு, தோள், கால், ஆணி அடித்த ஷூ, அவ்வளவுதான்.

ஒரு நாள் காலை நான் கையெழுத்துக்காகச் சறுக்கியதைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார். அவர் பேசியது ஆங்கிலம், தமிழில் எழுதுகிறேன். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதும் கிட்டத்தட்ட ஒரே தரம் என்பதால் எங்களுக்குள் சண்டை வரவில்லை.

“யார் உனக்குத் தோளால் திருப்பச் சொல்லிக் கொடுத்தது?”

“யாரும் இல்லை மேடம். காலை ஊன்றினால் பனி கெடுகிறது. அப்புறம் அதை நான்தான் சரி பண்ண வேண்டும்.”

அவர் வெகுநேரம் சிரித்தார். அடுத்த வெள்ளிக்கிழமையே பயிற்சி ஆரம்பித்துவிட்டது. ஷார்ஜா தொழில்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு வெல்டிங் பட்டறையில் ஸ்லெட்டுக்கு நான்கு சக்கரம் வைத்தோம். அவர்கள் ஊரிலும் கோடையில் இப்படித்தான் பழகுவார்களாம். ஃபுஜைரா பக்கம் மலைக்குள் ஒரு குவாரி ரோடு உண்டு. வெள்ளிக்கிழமை லாரி ஓடாது. அதில் ஒரு குளிர்காலம் முழுவதும் சறுக்கினேன். முழங்கையில் தோல் இல்லாமல் டியூட்டிக்குப் போன நாட்கள் நிறைய. ரூமில் யாராவது அடித்துவிட்டார்களோ என்று சூப்பர்வைசர் ரகசியமாக விசாரித்தார்.

ஓய்வில் உட்காரும்போது கிரேட்டா தன் ஊர்ப் பாதையைப் பற்றிச் சொல்வார். பதினைந்து வளைவு. ஒன்பதாவது வளைவு மட்டும் நாள் முழுவதும் ஃபர் என்ற ஊசியிலை மரங்களின் நிழலில் கிடக்கும், அங்கே ஐஸ் கண்ணாடி மாதிரி இருக்கும் என்பார். நான் வெயிலில் காய்ந்த தார் ரோட்டில் உட்கார்ந்து அதைக் கேட்பேன். அந்தப் பாதையில் ஒரே ஒரு தடவை, மேலிருந்து கீழ்வரை, கடிகாரம் ஓட இறங்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஆசை என்று எளிதாக எழுதிவிட்டேன். டியூட்டியில் மீட்டர் ரீடிங் எழுதும்போதுகூட அந்த வளைவுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

3. என்.ஓ.சி.

வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஒப்பந்தத்தில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நாற்பது நாள் லீவு. பாஸ்போர்ட் ஆபீஸில் இருக்கும். லீவு என்றால் ஊர், ஊர் என்றால் லீவு. வேறு எங்காவது போக விசா கேட்டால், கம்பெனி ஆட்சேபம் இல்லை என்று கடிதம் தர வேண்டும்.

எனக்கும் ரோஸ்லினுக்கும் கல்யாணம் ஆனது அதற்கு முந்தைய லீவில். இருபத்தாறு நாள் சேர்ந்து இருந்தோம். அவள் தூத்துக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிறகு இரண்டு வருடம் வெள்ளிக்கிழமை போன் மட்டும்தான். அந்த நாற்பது நாளில் பத்து நாளை எடுத்து ஐஸில் போடப் போகிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? மூன்று வெள்ளிக்கிழமை சொல்லாமலே போனை வைத்தேன். நாலாவது வெள்ளிக்கிழமை சொன்னேன்.

“பத்து நாளா?”

“பத்து நாள்தான்.”

“நான் காலண்டர்ல ஒவ்வொரு நாளா அடிச்சிக்கிட்டு வாரேன். நீங்க சுலபமா பத்துங்கிய.”

“அப்ப போகல. விடு.”

“போகலன்னா இங்க வந்து நாப்பது நாளும் அந்த ஐஸையே நினைச்சிக்கிட்டு கிடப்பிய. எனக்கு முப்பது நாள் முழு ஆளா வேணும். போயிட்டு வாங்க.”

அடுத்து ஹெச்.ஆரில் கோஷி சார். கோட்டயத்துக்காரர், மலையாளம் கலந்த தமிழ், நல்ல மனிதர். என் விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தார்.

“எந்தா சேவியரே இது? லீவெடுத்து ஐஸ்ல சறுக்கான் போறியா?”

“ஆமா சார்.”

“ஐஸ் இவிடேயே உண்டல்லோ!”

“இது நாம பண்ணுற ஐஸ் சார். அது மலை பண்ணுற ஐஸ்.”

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு முத்திரையைத் தேடி எடுத்துக் கடிதத்தில் குத்தினார். “காலும் கையும் முழுசா திரிச்சு கொண்டு வரணும், கேட்டோ. சில்லர் பாக்க வேற ஆளில்லை.”

4. தெர்மாமீட்டர்

கிரேட்டாவின் கிளப் தன் ஊரில் ஒவ்வொரு வருடமும் ஒரு போட்டி வைக்கும். வெளியாட்களுக்கு விருந்தினர் பிரிவு உண்டு. விதிமுறை மட்டும் பெரிய போட்டிகளில் உள்ளதுதான்.

முதல் நாள், லீவில் வந்திருந்த கிரேட்டாவும் நானும் பாதையை நடந்தே பார்த்தோம். மறுநாள் பயிற்சி ஓட்டம் இரண்டு. முதல் ஓட்டத்தில் ஆறாவது வளைவில் வைக்கோல் கட்டுக்குள் போய்ச் செருகிக்கொண்டேன். இரண்டாவதில் ஒன்பதாவது வளைவு வரை போனேன். அங்கே நிழலுக்குள் நுழைந்ததும் சத்தமே மாறிவிட்டது. அதுவரை கரகரவென்று வந்த ஸ்லெட் திடீரென்று பேசாமல் போயிற்று. பயத்தில் காலை ஊன்றி நிறுத்திவிட்டு அப்படியே படுத்துக் கிடந்தேன். மேலே மரங்களுக்கு நடுவே வானம் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. சந்தோஷமா, ரோஸ்லின் இதைப் பார்க்கவில்லையே என்பதா, தெரியவில்லை. நாளைக்கு முழுவதும் இறங்குவேன் என்று தெரிந்தது, அது போதும்.

இனி என் முட்டாள்தனம்.

துபாயில் எங்கள் தொழிலாளர் கேம்ப் ரூமில் எட்டுப் பேர் இருப்போம். கட்டிலுக்கு மேலே இருப்பது எல்லோருக்கும் பொது. கட்டிலுக்குக் கீழே இருப்பது மட்டும் நம்முடையது. நல்ல செருப்பை வாசலில் விட்டவன் மறுநாள் வெறுங்காலோடு டியூட்டிக்குப் போவான். பொருள் என்றால் போர்வையில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ள வேண்டும். எட்டு வருடப் பழக்கம் அது.

கிரேட்டா தன் பழைய ஸ்லெட்டை எனக்குக் கொடுத்து, “விறகுக் கொட்டகையில் வைத்துவிடு, எல்லோருடையதும் அங்கேதான் இருக்கும்” என்று சொல்லியிருந்தார். கொட்டகைக்குக் கதவே கிடையாது. இருபதுக்கு மேற்பட்ட ஸ்லெட்டுகள் அனாதையாகச் சாய்ந்து நின்றன. எனக்கு மனசு கேட்கவில்லை. சாயங்காலமே யாருக்கும் தெரியாமல் அதை நான் தங்கியிருந்த அறைக்குத் தூக்கி வந்து, ரன்னர்களைத் துடைத்து, என் கட்டிலுக்குக் கீழே வைத்தேன். ரன்னர் என்பது ஸ்லெட்டின் அடியில் ஐஸைத் தொடும் எஃகு. கட்டிலை ஒட்டி ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. காலையில் ஸ்லெட்டை என் சிவப்புப் போர்வையில் இறுக்கிச் சுற்றி, கீறல் விழாதபடி கயிறு கட்டி, போட்டி தொடங்கும் இடத்துக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போனேன். போர்வையை அவிழ்த்தது என் முறை வந்த பிறகுதான்.

லூஜில் சூடான ரன்னர் வேகமாக ஓடும். அதனால் புறப்படும் இடத்தில் ஒரு பெரியவர் தெர்மாமீட்டரோடு நிற்பார். வெளியே மாட்டியிருக்கும் மாதிரி எஃகைவிடக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் நம் ரன்னர் சூடாக இருந்தால் ஏமாற்று வேலை, ஆட்டம் முடிந்தது. இந்த விதி எனக்குத் தெரியும். வாசித்திருக்கிறேன். போர்வையையும் அதையும் சேர்த்து யோசிக்கவில்லை.

அவர் கருவியை எஃகில் வைத்தார். அவர் வாய் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ஊரில் பார்த்த வேலையையும் சேர்த்துப் பதினான்கு வருடமாக டெம்பரேச்சர் பார்த்துச் சோறு தின்கிறவன் நான். அந்த முள் எங்கே நிற்கிறது என்று தலைகீழாகவும் படிப்பேன்.

கிரேட்டா ஓடி வந்தார். “எங்கே வைத்திருந்தாய்?”

“கட்டிலுக்குக் கீழே.”

“ஏன்?”

அவர் ஊரில் யாரும் எதையும் எடுக்க மாட்டார்கள். பெரியவர் என் பெயருக்கு நேரே கோடு போட்டார். எனக்கு அடுத்து நின்ற ஆள் என்னைப் பார்க்காமல் முன்னால் நகர்ந்தார். போர்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, பாதையின் ஓரமாக, பதினைந்து வளைவையும் நடந்து இறங்கினேன்.

5. பத்தொன்பது

ரோஸ்லின் விமான நிலையத்துக்கு வந்திருந்தாள். பெட்டியைக் கையில் வாங்குவதற்கு முன்பே கேட்டாள்.

“ஓடுனியளா?”

“ஓடுனேன்.”

“எத்தனாவது?”

“பத்தொன்பதாவது.”

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அவள் தந்த பத்து நாளைப் போர்வையில் சுற்றி வீணாக்கிவிட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியார் பூசை முடிவில் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, ஐரோப்பாவில் போட்டியிட்ட நம் பங்கின் மகன் என்று அறிவித்துச் சால்வை போட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். ரோஸ்லினும் தட்டினாள். எனக்குக் காது சுட்டது. முப்பது நாளும் முழு ஆளாக இருந்தேனா என்று கேட்டால், இல்லை.

6. சாக்பீஸ்

அடுத்த வருடம் கிரேட்டாவின் ஒப்பந்தம் முடிந்தது. போகும்போது மேனேஜரிடம் என் பெயரைச் சொல்லிவிட்டுப் போனார். கோஷி சார் கூப்பிட்டார்.

“நாளை முதல் நீ கோச். பக்ஷே பேப்பர்ல ஏசி டெக்னீஷியன் தன்னே. சில்லர் கேடாயா நீயே ஓடணும்.”

அப்படித்தான் நான் கோச் ஆனேன். பந்தய வீரனாக என் மொத்தச் சாதனை இரண்டு அரைகுறைப் பயிற்சி ஓட்டமும் ஒரு தகுதி நீக்கமும். என்னிடம் படித்தவர்கள் யாரும் அதைக் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை.

பெரியவர்களில் உருப்படியாக வந்தவர் சைஃப். ராஸ் அல் கைமாவில் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர், உள்ளூர்க்காரர், முப்பது வயது. மணல்மேட்டில் வண்டி ஓட்டிப் பழகியவர், வளைவு வந்தால் இன்னும் வேகம் வேண்டும் என்பார். எங்களுக்குள் பாஷை இந்தி, கூடவே கொஞ்சம் அரபி, கொஞ்சம் கை.

“கோச், யல்லா, ஸ்பீட்!”

“ஸ்பீட் மாஃபி. முதலில் வளைவு.” மாஃபி என்றால் அரபியில் இல்லை.

அவருக்குக் கிரேட்டாவின் ஊர்ப் போட்டிதான் இலக்கு. பாதை இல்லாமல் பாதையைக் கற்றுக்கொடுப்பது எப்படி? வெல்டிங் பட்டறையின் சிமெண்ட் முற்றத்தில் சாக்பீஸால் பதினைந்து வளைவையும் வரைந்தேன். அதன் மேல் அவரைக் கண்ணை மூடி நடக்க வைத்தேன். இங்கே இடது தோள். இங்கே வேர் ஒன்று துருத்தியிருக்கும், கயிற்றை இழு. இங்கே நிழல் ஆரம்பம், மூச்சை விடு. நான் நடந்து இறங்கிய பாதை அது. ஓடியிருந்தால் இவ்வளவு நினைவில் நின்றிருக்காது. ஒவ்வொரு வெள்ளியும் வரைந்து முடித்ததும் முதலில் நான் ஒரு தடவை அதன் மேல் நடந்து இறங்குவேன். அடுத்த வாரம் வண்டிச் சக்கரம் ஏறி அழிந்திருக்கும், மறுபடி வரைவேன்.

7. ஒன்பதாம் வளைவு

இரண்டு குளிர்காலம் கழித்து சைஃபோடு என்னையும் கம்பெனியே அனுப்பியது. இம்முறை லீவு இல்லை, டியூட்டி. ஸ்லெட்டுகளைக் கதவில்லாத கொட்டகையில் நானே கொண்டுபோய் வைத்தேன். அன்று தூங்கவில்லை என்பது வேறு விஷயம்.

போட்டி நாள் காலையில் கிரேட்டா ஒரு செய்தியோடு வந்தார். போட்டிக்கு முன்னால் பாதையைச் சோதிக்க ஒருவர் இறங்குவார். அந்த ஆளுக்குக் காய்ச்சல்.

“நீ போகிறாயா? கடிகாரம் ஓடும். பட்டியலில் மட்டும் பெயர் வராது.”

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். சைஃப் என் கையைப் பிடித்தார்.

“கோச், நீ ஒன்பதாவதில் நில். இரண்டு நாளாக வெயில். நிழலில் ஐஸ் எப்படி இருக்கிறது என்று நீ வாக்கி டாக்கியில் சொன்னால்தான் நான் இறங்குவேன். நீ இல்லாவிட்டால் மாஃபி.”

சோதனை ஓட்டம் முடிந்தவுடன் முதல் ஆளே சைஃப்தான். ஓடிவிட்டு ஒன்பதாவது வளைவுக்கு ஏறி வர நேரம் இருக்காது. இரண்டில் ஒன்றுதான். பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மை என்னவென்றால் எனக்கு வயிற்றெரிச்சல். போர்வையால் ஒரு தடவை, சைஃபால் ஒரு தடவை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேதான் காட்டுக்குள் நடந்தேன். வளைவில் மண்டியிட்டு ஐஸில் விரலை வைத்தேன். மேல் தோல் இளகியிருந்தது, அடியில் கண்ணாடி.

“சைஃப், இன்னும் முன்னாலேயே தோளைப் போடு. காலை ஊன்றாதே. ஊன்றினால் போயிற்று.”

“தமாம், கோச்.”

சிறிது நேரத்தில் மரங்களுக்கு மேலே கரகரப்பு கேட்டது. நிழலுக்குள் நுழைந்ததும் சத்தம் நின்றது. சைஃப் என் காலடியில் ஒரு கை தூரத்தில், கண்ணைத் திறந்துகொண்டு, காலை ஊன்றாமல் போனார். நான் தமிழில் என்னவோ கத்தினேன். கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்தார். சந்தோஷத்தில் அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் முதல் பரிசு என்று நினைத்திருப்பார்கள். கோச் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: நமக்குக் கிடைக்காத ஓட்டத்தை இன்னொருவன் உடம்பில் ஏற்றி அனுப்புகிற வேலை இது. அதில் சந்தோஷம் உண்டு. ஆனால் நம் ஏக்கம் அதனால் தீராது. தீரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மத்தியானம் கடிகார வயர்களைச் சுருட்டிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை இல்லை என்றாலும் ரோஸ்லினுக்குப் போன் போட்டேன்.

“சைஃப் நல்லா ஓடிட்டாரு.”

“நீங்க?”

“நான் கோச்சுல்லா.”

“போன தடவையும் நீங்க ஓடலைதான?”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“பத்தொன்பதுன்னிய. உண்மையிலயே பத்தொன்பதா வந்திருந்தா எட்டுன்னு சொல்லியிருப்பிய. உங்களைத் தெரியாதா எனக்கு? சால்வை போடும்போது மூஞ்சி செத்துக் கிடந்துச்சி. நீங்களா சொல்லுவியன்னு இருந்தேன்.”

போர்வையையும் கட்டிலையும் தெர்மாமீட்டரையும் சொன்னேன். இத்தனை வருடம் சுமந்ததைச் சொல்லி முடிக்க மூன்று நிமிடம் கூட ஆகவில்லை. அவள் சிரிக்கவில்லை.

“பாதை இன்னும் இருக்கா?”

“இருக்கு. சாயங்காலம் வரை ஊர்க்காரங்க சறுக்குவாங்க. கடிகாரம்தான் இல்ல.”

“கடிகாரம் எதுக்கு? நான் எண்ணுதேன். போனைச் சட்டைக்குள்ள போட்டுக்கிட்டு போங்க. கிளம்பும்போது சத்தம் கொடுங்க.”

கிரேட்டாவின் பழைய ஸ்லெட்டைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினேன். போனை உள் பாக்கெட்டில் வைத்து ஜிப்பை இழுத்தேன். “ரோஸ்லின்!” என்று கத்திவிட்டு இறங்கினேன். வளைவுகளைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. ஆறாவதில் கட்டுக்குள் செருகவில்லை, ஒன்பதாவதில் காலை ஊன்றவில்லை. பதினைந்தாவது தாண்டிச் சமதரையில் ஸ்லெட் தானாக நின்றது. மல்லாந்து கிடந்தபடியே போனை எடுத்துக் காதில் வைத்தேன்.

“நூத்தி ஏழு, நூத்தி எட்டு, நூத்தி ஒம்பது…”

என் மூச்சு அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

“வந்துட்டியளா?”

“வந்துட்டேன்.”

“அப்ப நிறுத்தட்டுமா?”

“வேண்டாம். எண்ணு.”

ஏன் என்று அவள் கேட்கவில்லை. லைன் கட்டாகும் வரை எண்ணினாள்.